பின்சுவரில் ஒரு கதவு

கண்ணு,

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனாலும் இதை மூடி ஒட்டப் போவதில்லை. உன்னோடு மலையேறி வந்த அந்த மஞ்சள் பனியன் பிள்ளைகளும் படிக்கட்டும். அடுத்த மழையில் இன்னொரு மலை சரியும். அப்போதும் உங்களைப் போல நல்ல மனசுள்ளவர்கள் கடப்பாரையும் கேமராவுமாக வண்டி பிடித்துக் கிளம்புவார்கள். அவர்களும் படிக்கட்டும். மலையில் நீ கட்டிய வீட்டின் பின்சுவரை உடைத்தவள் நான். எல்லார் முன்னாலும் உன் தலையைக் குனிய வைத்துவிட்டேன் என்றாய். குனிந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மறுபடியும் அங்கே போகிறேன், அதே சுவரை மறுபடியும் உடைக்க. ஏன் என்று நீ முழுதாகக் கேட்டதே இல்லை. இப்போது கேள்.

கோடை விடுமுறை தொடங்கியபோது கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாய். "அம்மா, மூணாறுக்கு மேல ஊடு கட்டித் தரப் போறோம். போன மழைல மலை சரிஞ்சு எஸ்டேட் ஆளுங்க இருந்த லயமே போயிருச்சு. சமைக்க ஆள் வேணும், நீ வர்றியா?" என்றாய். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு ஆக்குகிறவளுக்கு விடுமுறையில் என்ன வேலை? எனக்குப் பெருமையாகவும் இருந்தது. என் மகன் சிவில் படித்துவிட்டுக் கம்பெனியில் சம்பளம் வாங்குவதோடு நிற்காமல், லீவு போட்டு மண் சுமக்கப் போகிறான் என்று கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். நம் ஊர் ரங்கசாமி மேஸ்திரியையும் நீயே பேசிச் சேர்த்தாய். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று வளைந்து வளைந்து ஏறி நாம் போய் இறங்கியபோது மூடுபனியில் எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை. நீ உழைத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உன் உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. கால் விரலிடுக்கில் அட்டை கடித்து ரத்தம் வழிய வழிய ஹாலோ பிளாக் சுமந்தாய். அதையெல்லாம் பார்த்தவள்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்தரை உனக்குத் தெரியும், ஆனால் பயனாளி என்ற அளவில்தான் தெரியும். லயம் போனதிலிருந்து எல்லாரையும் போல அவளும் சர்ச்சில்தான் தங்கியிருந்தாள். முதல் வீடு அவளுக்கு என்று முடிவானதால் தினமும் தேயிலைக் கொழுந்து எடுத்து முடித்து நேராக என் அடுப்படிக்கு வந்துவிடுவாள். வந்த அன்றே வெங்காயத்தை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சும்மா இருந்து பாத்துக்கிட்டே இருக்க முடியலக்கா. நமக்கு வீடு கட்டுதாக, நாம கைய கட்டிட்டு நிக்கவா?" என்றாள். அவளுடைய புருஷனும் மூத்த மகளும் அந்த லயத்தில்தான் செத்தார்கள். நீங்கள் எல்லாரும் மண் மூடிச் செத்தார்கள் என்று நினைத்திருக்கிறீர்கள். மண் மூடுவதற்கு முன்பு அவர்களுக்கு நேரம் இருந்தது. லயத்தில் வீட்டுக்கு ஒரு கதவு. முன்னால் மட்டும்தான். வரிசையாக அடுத்தடுத்து அறைகள், பக்கச் சுவர் பக்கத்து வீட்டுக்காரனுடையது, பின்சுவர் மண்மேட்டில் ஒட்டியது. வெள்ளைக்காரன் கட்டிய கணக்கு. தூங்குவதற்கு ஒரு வாசல் போதும் என்று கட்டியிருக்கிறான். ஓடையில் வந்த சேறு முதலில் வாசலில் நின்றிருக்கிறது. கதவு வெளிப்பக்கம் திறப்பது. சேறு அழுத்தத் திறக்கவில்லை. எஸ்தர் சின்ன மகள் ஜெனியோடு பக்கத்து லயத்தில் ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் அங்கே வரை கேட்டது என்றாள். "ரொம்ப நேரம் தட்டுனாவக்கா" என்றாள். வெங்காயம் அரிந்து முடித்து, தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனாள்.

சுவர் இடுப்பளவுக்கு வந்த அன்று அவள் உன்னிடம் கேட்டாள். நான் தேநீர்ப் பானையோடு பக்கத்தில்தான் நின்றேன். "தம்பி, பின்னாடி ஒரு கதவு வச்சுத் தாங்க" என்றாள். நீ சிரித்தாய். கேலியாக இல்லை, குழந்தை எதையோ கேட்டதுபோல. "இத்தனூண்டு ஊட்டுக்கு எதுக்குக்கா ரெண்டு கதவு? ஜன்னல் பெருசா வெச்சிருக்கோம், காத்து நல்லா வரும்" என்றாய். அவள் விடவில்லை. ரோட்டைக் காட்டினாள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடுகிற ஓடையைக் காட்டினாள். "தண்ணி வந்தா அங்கனதான் வரும். முன்கதவு தண்ணியப் பாத்துல்லா இருக்கு. நான் எது வழியா ஓடுவேன்? பின்னாடி தேயிலைக்குள்ள ஏறுனா அந்தா பாறை. அந்தப் பாறை அசையல, அன்னைக்கும் அசையல." நீ பாறையைப் பார்த்தாய். பார்த்ததை நான் பார்த்தேன். உனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ரங்கசாமி மேஸ்திரிகூட, "வெச்சுப் போடலாமுங்க தம்பி, ஒரு கதவு நெலைதான" என்றார். சரி, கேட்டுச் சொல்கிறேன் என்றாய்.

யாரிடம் கேட்டாய்? எஸ்டேட் மேனேஜரிடம். அவர் ஜீப்பை விட்டு இறங்காமலே சொன்னதை நானும் கேட்டேன். "பின்னாடி கம்பெனியோட ஸ்தலமாக்கும். அவிடே ஒரு வாதில் வெச்சா நாளைக்கு வழி கேக்கும். வழி கொடுத்தா மறுநாள் அவகாசம் கேக்கும். நான் இதெத்தனை பார்த்ததாணு." வாதில் என்றது கதவை, அவகாசம் என்றது உரிமையை. பேச்சில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். மூன்று தலைமுறையாக அந்தத் தேயிலைக்குள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நடக்கிறவர்கள் அவர்கள். கூடையோடு நடந்தால் அது வேலை. உயிரைக் காப்பாற்ற நடந்தால் அது ஆக்கிரமிப்பு. நீ தலையாட்டினாய். வேனுக்கு வந்து, "டிசைன் மாத்த முடியாதும்மா, எல்லா ஊடும் ஒரே மாதிரி வரணும், பணம் குடுத்த டோனருக்கு அப்பிடித்தான் காட்டியிருக்கோம்" என்று என்னிடம் வேறு காரணம் சொன்னாய். மேனேஜருக்குப் பயந்தேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு உன் மேல் இவ்வளவு வருத்தம் வந்திருக்காது.

எஸ்தர் மறுபடி கேட்கவில்லை. என்னால்தான் அதை விட முடியவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். இதை உனக்கு எப்போதும் சொன்னதில்லை, இப்போது உனக்கு இருபத்தைந்து வயது, கேட்டுக்கொள். பொள்ளாச்சியில் உனக்கு முதன்முதலாகப் பலூன் வாங்கித் தந்த கதையை அடிக்கடி சொல்வேனே, ஆனைமலைத் திருவிழாவுக்குப் போனபோது என்று. நாம் திருவிழாவுக்குப் போகவில்லை. உன் அப்பாவைக் கட்டிக்கொண்டதற்காக என் அண்ணன்மார் ஆட்களோடு வந்தார்கள். வேறு சாதிக்காரரான உன் அப்பாவின் வீட்டில் அவர்கள் தங்கை பிள்ளை பெற்று வாழ்வதை அவர்களால் தாங்க முடியவில்லை. மத்தியான நேரம், உன் அப்பா வேலைக்குப் போயிருந்தார், நீ இடுப்பில் இருந்தாய். பெரியவன் முன்கதவைத் தட்டி, "அம்மிணி, கதவத் தொற, பேசிக்கலாம்" என்றான். குரல் அவ்வளவு அன்பாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதனாலேயே தெரிந்துகொண்டேன். கொல்லைப்பக்கத்துப் பொடக்காலிக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, பக்கத்துத் தென்னந்தோப்பில் புகுந்து, செருப்பில்லாமல் ஓடிப் போய்ப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினேன். நீ அழக் கூடாது என்று பலூன் வாங்கினேன். அவர்கள் முன்கதவை உடைத்து உள்ளே வந்து பாத்திரம் பண்டமெல்லாம் உடைத்துவிட்டுப் போனார்கள். உடைந்தது பாத்திரம் மட்டும்தான். நீயும் நானும் உயிரோடு இருப்பது அந்தப் பின்கதவால். நம் வீட்டில் அப்படி ஒரு கதவு இருப்பதை யாரும் ஆடம்பரம் என்று சொன்னதில்லை, யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. பொடக்காலி இல்லாத வீடு நம் ஊரில் வீடா?

இதை அங்கேயே உன்னிடம் சொல்லியிருக்கலாம். உன் நண்பர்கள் சுவருக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு பெண் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டிருந்தாள், ஒருவன் எஸ்தரை மண்வெட்டியோடு நிற்க வைத்து, "அக்கா, கொஞ்சம் சிரிங்க, இன்னும் கொஞ்சம்" என்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில் என் அண்ணன்மார் கதையை எங்கே கொண்டுபோய் வைப்பது? சொல்லாமல் வேறொன்று செய்தேன். சாவி கொடுக்கும் விழாவுக்கு முந்தின நாள் நீ பேனரும் நாற்காலியும் எடுத்துவர மூணாறு போனாய். ரங்கசாமி மேஸ்திரியிடம் சம்மட்டி கேட்டேன். "எதுக்குங்க அம்மிணி?" என்றார். சொன்னேன். கும்பிடு போட்டார். "நான் இடிக்க மாட்டனுங்க. தம்பிகிட்ட வேலை செய்யறவன். ஆனா நீங்க செவுத்துக்கு நடுவுல போயி அடிச்சீங்கன்னா மேல இருக்கறது தலைல உழுகும். ஜன்னலுக்குக் கீழ அடிச்சா மேல ஏற்கெனவே பீம் இருக்குது. நான் டீ குடிக்கப் போறனுங்க, எதையும் பாக்கல" என்று நாலு எட்டு தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். டீக்கடை எதிர்த்திசையில் இருந்தது.

எஸ்தர் முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்கக்கா. தம்பிக்குக் கெட்ட பேராயிரும். புள்ள மேல கோவத்த இதுல காட்டாதிய" என்றாள். கோபம் உன் மேல் இல்லை என்று சொன்னேன். பாதி பொய். பிறகு அவளே தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சம்மட்டியை வாங்கினாள். பின்சுவர் ஜன்னலின் சட்டத்தைக் கம்பியோடு கடப்பாரையால் நெம்பிக் கழற்றினோம். கீழே இருந்த கட்டு பச்சைக் கட்டு, இன்னும் சரியாக இறுகவில்லை. அடிக்க அடிக்க வந்தது. ஆள் போகும் அளவுக்கு வழி ஆனதும் அவள் சம்மட்டியைப் போட்டுவிட்டு அதன் வழியாக வெளியே போனாள். தேயிலைக்குள் ஏறினாள். பாறை வரைக்கும் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். இறங்கி வந்தாள். அடுத்து ஜெனியைக் கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் முன்கதவுப் பக்கம் போய் நின்று, அங்கிருந்து ஓடி, உடைத்த வழியாகப் பாய்ந்து, மறுபடி பாறைக்கு ஏறினாள். இறங்கினாள், மறுபடி ஓடினாள். ஜெனிக்கு ஒரே சிரிப்பு, விளையாட்டு என்று நினைத்துவிட்டது. எஸ்தர் சிரிக்கவில்லை. எந்த இடத்தில் கால் வழுக்குகிறது, எந்தச் செடி முந்தானையைப் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஓடினாள். ரங்கசாமி மேஸ்திரி முதுகைக் காட்டுவதை மறந்து திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நீ கட்டிய வீட்டை அந்தப் பெண் தன் வீடாக நடந்து பார்த்தது அந்த ஒரு முறைதான். நீ அப்போது அங்கே இருந்திருக்க வேண்டும்.

நீ வந்தாய். "யாரும்மா இதப் பண்ணுனது?" என்றாய். நான்தான் என்றேன். "பைத்தியமா உனக்கு? மத்த ஊட்டுக்கெல்லாம் சிமெண்ட் வண்டி கம்பெனி ரோட்டுல தாம்மா வரணும். நாளைக்கே மேனேஜர் கேட்டைப் பூட்டிட்டான்னா அத்தனை பேரும் சர்ச்சுலயே கெடக்கோணும். ஒரு கதவுக்காக எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றியா?" என்று கத்தினாய். நீ சொன்னது பொய் இல்லை, கண்ணு. அதற்குள் உன் நண்பர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். நீ யாரையும் ஏவவில்லை. நீயே கலவை குழைத்தாய், ஜன்னலை மறுபடி பொருத்தி, கீழே நீயே பிளாக் வைத்து அடைத்தாய். உன் கரண்டி நேராகப் போகவில்லை. எஸ்தர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. முடிந்ததும் கை கழுவ உனக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். மறுநாள் அந்த ஈரத் திட்டு வெள்ளையடித்தும் தெரிந்தது. பாட்டுப் போட்ட அந்தப் பெண் அதன் மேல் பெரிய சூரியகாந்திப் பூ ஒன்று வரைந்து மறைத்துவிட்டாள். வந்த விருந்தாளி ரிப்பன் வெட்டினார். எஸ்தர் சாவியை வாங்கிக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு இப்போது சிரிக்க நன்றாகப் பழகிவிட்டது. நீ வேனில் என் பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டுக்குப் போய்விட்டாய்.

இப்போது மழை பிடித்துவிட்டது. இங்கே நம் ஊரில் காற்றுதான் ஊளையிடுகிறது, தூறலோடு நிற்கிறது. அங்கே ஊற்றுகிறது. எஸ்தர் நேற்றுக் கூப்பிட்டாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். "சர்ச்சுலதாங்கக்கா. மழ வந்தா இங்க வந்துருவோம். வெறிச்சா வீட்டுக்குப் போவோம்" என்றாள். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், என்ன கேட்பதென்று தெரியாமல். "நல்லா இருக்குக்கா. பூ நல்லா இருக்கு" என்றாள். அவள் கேலி செய்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மழைக்கு ஒதுங்கத்தானே மனிதர்கள் வீடு கட்டிக்கொள்கிறார்கள்? மழை வந்தால் விட்டு ஓட வேண்டிய ஒன்றை நீயும் நானும் சேர்ந்து கட்டிக் கொடுத்திருக்கிறோம். நானும்தான் சோறாக்கிப் போட்டேன். அந்தக் குழந்தை தூக்கத்தில் எழுந்து தாயோடு நனைந்துகொண்டே சர்ச்சுக்கு நடக்கிறது.

கேட்டைப் பூட்டிவிட்டால் என்ன செய்வது என்று அன்று கத்தினாயே. அதற்குப் பதில் சர்ச்சிலிருந்தே வந்தது. இனி வீடு கிடைக்கவேண்டிய மற்ற பெண்களெல்லாம் சர்ச்சில் ஒன்றாகத்தான் படுத்திருக்கிறார்கள். நாங்கள் சுவரை உடைத்ததும் நீ அடைத்ததும் எல்லோருக்கும் தெரியும். "தம்பி எங்களுக்காவத்தான் அடச்சாருன்னு சொல்லுதாவ. எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கலியேன்னு பேச்சிதான் சத்தம் போடுதா" என்றாள். பேச்சி பெயரும் உன் வரிசையில் இருக்கிறது, அடுத்த வீடு அவளுக்குத்தான். பேச்சியே போனை வாங்கிப் பேசினாள். "ஏங்கக்கா, ஒத்தக் கதவு வச்ச வீட்டக் கட்டித் தந்தா மழைக்கு நாங்க சர்ச்சுக்குத்தான ஓடியாரணும்? சர்ச்சுலதான் இப்பமே கெடக்கோம். அதுக்கு வீடு எதுக்கு?" என்றாள். கேட்டைப் பூட்டிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நீ கேட்ட அதே கேள்வி. "பூட்டட்டும். மழைக்குக் கொழுந்து தள்ளிக்கிட்டு நிக்கி. நாங்க ரெண்டு நா கூடையத் தொடலன்னா முத்திப் போயிரும். அப்பம் மேனேஜரே கேட்டுக்குச் சாவி தேடுவாரு" என்றாள். பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அத்தனை பேர் வீட்டிலும் செத்தவர்கள் உண்டு. பிறகு எஸ்தர் வாங்கி, "வாங்கக்கா. கடப்பாரை இங்கன இருக்கு" என்றாள்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மேனேஜரைப் பார்த்துப் பயப்படுவது தப்பில்லை. நானும் என் அண்ணன்மாருக்கு இன்றுவரை பயப்படுகிறேன். ஆனால் நம் பயத்துக்குச் சர்ச்சில் கிடப்பவர்கள் பெயரைச் சொல்லாதே. உதவி செய்யப் போகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். கொடுக்கிற கை நம்முடையது என்பதால், எது போதும் என்பதையும் நாமே முடிவு செய்துவிடுகிறோம். அவர்கள் நன்றி சொல்வார்கள், சிரிப்பார்கள், கை கழுவத் தண்ணீர்கூட ஊற்றுவார்கள். அதை வைத்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. மழை வந்தால் அங்கே தூங்குகிறார்களா என்று பார்த்தால் தெரியும்.

வெள்ளிக்கிழமை போகிறேன். பள்ளிக்கூடத்தில் சொல்லி மாற்றாள் போட்டுவிட்டேன். ரங்கசாமி மேஸ்திரி வருகிறார். இந்த முறை முதுகைக் காட்ட மாட்டேன் என்றார். நம் வீட்டுப் பொடக்காலிக் கதவை நிலையோடு கழற்றிவிட்டேன். கெட்டியான வேப்பமரம், கீலுக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன். உள்பக்கம் திறக்கிற கதவு, சேறு வந்து அழுத்தினாலும் இழுத்தால் வரும். பொள்ளாச்சிக்குக் காய் ஏற்றும் வண்டியில் நாளைக்கு ஏற்றிவிடுவேன், அங்கிருந்து வேறு வண்டி. நீ அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது பின்பக்கம் தகரம் அடித்திருக்கும், திகைக்காதே. உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தகரத்தை அடித்ததே அவர்தான்.

நிலை நிறுத்தும்போது ஒரு பக்கம் பிடிக்க ஆள் வேண்டும். அதற்கு நீ வருவாய் என்று எதிர்பார்த்து எழுதவில்லை. என்னைத் தடுக்க வந்தாலும் வா. எனக்கு முன்னால் வந்துவிட்டால், எஸ்தரிடம் சாவியை வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் போ. முன்கதவை உள்பக்கம் தாழ் போடு. விளக்கைப் போடாதே. வெளியே மழை பெய்யும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடை இரையும். சூரியகாந்திப் பூவுக்கு முதுகைச் சாய்த்துக்கொண்டு, மழை ஓயும்வரை உட்கார்ந்திரு. ஓடைச் சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திரு. அதற்குப் பிறகும் சுவர் அப்படியே இருக்கட்டும் என்று நீ சொன்னால், நான் கதவை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறேன்.

அம்மா